ஸ்டோர் கதவு வெளியே திறந்த கதை

1

இந்த டிசம்பரோடு நான் ஒஹையோவுக்கு வந்து ஒரு மாமாங்கம் முடிகிறது. கேக் எதுவும் வெட்டவில்லை. வழக்கம்போல் காரின் கண்ணாடியில் உறைந்து கிடந்த பனியைச் சுரண்டிவிட்டு ஆபீசுக்குப் போனேன். அங்கே ஒரு மனுஷனின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டு திரும்பி வந்தேன்.

அதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஊரில் யாராவது கேட்டால் 'இன்ஜினியர்' என்று சொல்லித் தப்பித்துக்கொள்வேன். உடனே, "அப்ப எங்க ஊட்டுக்கு ஒரு பிளான் போட்டுக் குடு கண்ணு" என்பார்கள். நான் பிளான் போடுகிறவள் இல்லை. அடுத்தவர் போட்ட பிளானில் குற்றம் கண்டுபிடிக்கிறவள். இந்தச் சிறு நகரத்தில் யார் எதைக் கட்டினாலும், இருக்கிற கட்டடத்தை வேறு எதற்காக மாற்றினாலும், வரைபடம் முதலில் என் மேஜைக்கு வரும். நான் முதலில் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: உள்ளே யார் இருக்கப்போகிறார்கள், என்ன செய்யப்போகிறார்கள்?

அதை வைத்துத்தான் கட்டடத்தின் வகை. மக்கள் தூங்கினால் குடியிருப்பு வகை. சரக்கு தூங்கினால் கிடங்கு வகை. கூடி உட்கார்ந்து பாட்டோ பிரசங்கமோ கேட்டால் கூட்ட வகை. ஆறு குழந்தைகள் ஒரே நேரத்தில் பாடம் படிக்க உட்கார்ந்துவிட்டால் அது கல்வி வகை. வாசலில் என்ன போர்டு மாட்டியிருந்தாலும் எனக்குக் கவலை கிடையாது. வகை மாறினால் வழி மாறும், படி மாறும், கதவு மாறும்.

அன்றைக்கு வந்தவர் ஒரு காண்ட்ராக்டர். செருப்புக் கடையாக இருந்ததைக் குழந்தைகள் படிக்கிற இடமாக மாற்ற வேண்டும். நான் சிவப்பில் கோடு போட்டுத் திருப்பி அனுப்பியிருந்தேன். மனுஷன் நேரில் வந்துவிட்டார். "அதே சுவர், அதே கூரை, அதே கதவு. இதில் என்ன மாறிவிட்டது?" என்றார்.

"உள்ளே இருக்கிறவர்கள் மாறிவிட்டார்கள்" என்றேன்.

முறைத்துவிட்டுப் போனார். போகட்டும். எனக்கு இதெல்லாம் பழகிப்போனது. ஒரு சிவப்புக் கோட்டில் பெரிய பெரிய ஆட்களையெல்லாம் நிறுத்திவிடுகிற அதிகாரம் இருக்கிறதே, அது கொஞ்சம் தலைக்கு ஏறத்தான் செய்யும். என் திமிர் எத்தனை தூரம் செல்லுபடியாகும் என்று அந்த வாரமே தெரிந்துவிட்டது.

2

என் அக்கா பிலோமி ஏற்காட்டுப் பக்கம் நாகலூரில் ஒரு ஆரம்பப் பள்ளி நடத்துகிறாள். அவள்தான் தலைமையாசிரியை. அவளோடு இரண்டு டீச்சர்கள், அறுபது சொச்சம் பிள்ளைகள். எல்லாம் எஸ்டேட்டில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள், மலையில் காபியும் மிளகும் வைத்திருக்கிற சிறு விவசாயிகளின் பிள்ளைகள். இந்தப் பள்ளி இல்லையென்றால் ஏற்காட்டுக்குத்தான் போக வேண்டும். பெரிய பிள்ளைகள் பஸ்ஸிலோ ஜீப்பிலோ தொற்றிக்கொண்டு போய்விடும். ஐந்து வயதுப் பொடிசுகளை அந்தப் பனியில் யார் அனுப்புவார்கள்? வீட்டிலேயே உட்கார்த்திவிடுவார்கள்.

பள்ளி நடப்பது பழைய காபி ஸ்டோரில், அதாவது ஒரு எஸ்டேட்டின் காபிக் கிடங்கில். எங்கள் அப்பா அந்த எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டராக இருந்தார். நானும் அக்காவும் அந்த ஸ்டோர் வாசலில் காயும் காபிப் பழத்தைக் காலால் கிளறிக் கிளறியே வளர்ந்தோம். பிறகு எஸ்டேட் கைமாறியது. ஸ்டோர் சும்மா கிடந்தது. புதிய முதலாளி, பள்ளிக்கூடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று விட்டுக்கொடுத்தார். ஊர்க்காரர்கள் கூலி வாங்காமல் கூரை மாற்றினார்கள், சுவர் பூசினார்கள். அதற்குப் பதிலாக ஒரு வாய்ப்பேச்சு: பழம் பறிக்கிற மாதங்களில் பள்ளி வாசலில் அவர்கள் காபி காயப்போட்டுக்கொள்ளலாம். மலையில் சமமான இடம் கிடைப்பது அவ்வளவு லேசில்லை.

இத்தனை வருடம் ஆகியும் அதற்குப் பெயர் ஸ்டோர்தான். "ஸ்டோருக்குப் போயிட்டு வாறேன்" என்று சொல்லித்தான் பிள்ளைகள் புத்தகப் பையை மாட்டும். அக்காவுக்குப் பெயர் ஸ்டோர் டீச்சர். இங்கேயே வளர்ந்த என் மகள் ஜெனி, ரொம்ப நாளைக்குத் தன் பெரியம்மா கடை வைத்திருக்கிறாள் என்றே நினைத்துக்கொண்டிருந்தாள். "பெரியம்மா ஸ்டோர்ல என்ன விக்கறாங்க?" என்று ஒரு நாள் கேட்டாளே பார்க்கலாம். அக்கா சிரித்துச் சிரித்து, "வாய்ப்பாடு விக்கறேன் சாமி, ஒண்ணு வாங்கிக்க" என்றாள்.

அந்த அக்காதான் டிசம்பர் முதல் வாரத்தில் கூப்பிட்டாள். பள்ளியின் அங்கீகாரத்தைப் புதுப்பிக்க வேண்டும், பார்வையிட அதிகாரி வரப்போகிறார். கட்டட உறுதிச் சான்று, உரிமம், தீயணைப்புச் சான்று, சுகாதாரச் சான்று என்று ஒவ்வொன்றுக்காகவும் ஏற்காட்டுக்கும் சேலத்துக்கும் அலைந்துகொண்டிருந்தாள். எத்தனை தடவை மலை இறங்கி ஏறினாள் என்று அவள் கால்வலியைக் கேட்டால் தெரியும்.

"சேலத்திலிருந்து இன்ஜினியர் வந்து பாத்தாரு. கல்லுச் செவுரு, இன்னும் நூறு வருசம் நிக்கும்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. நீயும் ஒருக்கா பாத்துரு கண்ணு. நம்மூட்டுலயே ஒரு இன்ஜினியர் இருக்கையில எனக்கென்ன பயம்?" என்றாள். போனைப் பிடித்துக்கொண்டு வீடியோவில் கட்டடத்தைச் சுற்றி வந்தாள்.

நான் பார்த்தேன். பார்க்கச் சொன்னால் சும்மா இருக்க எனக்குத் தெரியாது.

3

பின்கதவு ஒன்று இருந்தது. அதற்கு முன்னால் உடைந்த பெஞ்சுகளை அடுக்கிவைத்திருந்தார்கள். எடுக்கச் சொன்னேன். "அதுக்கென்ன, இப்பவே எடுத்தர்றேன்" என்றாள், எடுத்தும்விட்டாள். அதோடு நான் வாயை மூடியிருக்கலாம்.

"அக்கா, முன்கதவு உள்பக்கமா தொறக்குது."

"ஆமா. நாம பொறந்ததிலருந்து அப்பிடித்தான் தொறக்குது."

"பள்ளிக்கூடத்துல வெளிப்பக்கமா தொறக்கோணுங்க்கா."

"வெளிய எப்பிடிப் புள்ள தொறக்கும்? வெளிய சடையண்ணன் பழம் கெடக்குதே!"

போனைத் திருப்பிக் காட்டினாள். வாசற்படி வரைக்கும் சிவப்பும் கறுப்புமாகக் காபிப் பழம். அதன் நடுவில் பழம் கிளறுகிற பலகைக் கோலோடு சடையண்ணன் நின்றுகொண்டிருந்தார். பெற்றோர் சங்கத் தலைவர் அவர்தான். பேத்தி தேவி இரண்டாம் வகுப்பு. கூரை மாற்றியபோது முதல் ஆளாக மேலே ஏறியவரும் அவரே. அந்த மரியாதையில் வாசலை ஒட்டிய இடம் எப்போதும் அவருக்கு. கல் சுவரில் வெயில் பட்டு அந்தச் சூட்டில் பழம் சீக்கிரம் காயும். தள்ளிப் போட்டால் பனி இறங்கிப் பூஞ்சை பிடித்துவிடும்.

எங்கள் மலையில் காபி ஸ்டோர் என்றால் கதவு உள்ளேதான் திறக்கும். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. பழம் படி வரைக்கும் கிடக்கும், வெளியே திறந்தால் வாரிக்கொண்டு போகும் என்பது ஒன்று. இன்னொன்றும் உண்டு. மத்தியானம் மூன்று மணிக்குப் பளிச்சென்று வெயில் அடித்துக்கொண்டிருக்கும், திடீரென்று மேகம் இறங்கிவிடும். மழைத்துளி விழுவதற்குள் அத்தனையும் உள்ளே போயாக வேண்டும். தலையில் கூடை, இரண்டு கையும் கூடையில். ஓடிவந்து தோளால் ஒரு இடி இடித்தால் கதவு திறக்க வேண்டும். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து எல்லோரும் தோளால் இடித்து அந்தக் கதவைத் திறப்பதைத்தான் பார்த்திருக்கிறேன்.

காபிக்கு எல்லா அவசரமும் உள்ளே போவதில்தான். வெளியே வருவதற்கு அதற்கு ஒரு அவசரமும் கிடையாது. பிள்ளைகளுக்கு அப்படியே தலைகீழ். காபி போய் பிள்ளைகள் வந்தபோது கட்டடம் கிடங்கு வகையிலிருந்து கல்வி வகைக்கு மாறிவிட்டது. இந்திய விதிப் புத்தகத்திலும் அது தனி வகைதான். ஆனால் இந்தச் சேதியைக் கதவுக்கு யாரும் சொல்லவில்லை.

இதையெல்லாம் அக்காவுக்கு விளக்கினேன். இங்கே காண்ட்ராக்டர்களிடம் பேசுகிற அதே குரலில் விளக்கினேன் போலிருக்கிறது. அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது.

"அங்க உக்காந்துட்டு செவப்புப் பேனாவுல கோடு போடற மாதிரி இங்கயும் போடலாம்னு நெனச்சியா? அவிய ஒத்தப் பைசா வாங்காமக் கூரை மாத்திக் குடுத்தாங்க. இப்பப் போயி, பழம் பறிக்கற நேரத்துல வாசல உட்டு அக்கட்டால போங்கன்னு எந்த வாயால சொல்லுவேன்? அவிய கோவிச்சுக்கிட்டாப் பள்ளிக்கூடம் யாருக்கு நடத்தறது?"

"அக்கா, ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா..."

"வாயக் கழுவு!" என்றாள். போன் கட்டாகிவிட்டது.

4

தமிழ்நாட்டில் பள்ளிக்கூடத் தீ என்று சொன்னால் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. அந்தக் குழந்தைகளின் படங்கள் வந்த செய்தித்தாளை நான் அன்று மடித்து வைத்தேன், மறுபடி பிரிக்கவில்லை. இந்த வேலைக்குத்தான் வருவேன் என்று அப்போது எனக்குத் தெரியாது. ஆனால் ஒவ்வொரு பள்ளி வரைபடத்திலும் நான் முதலில் தேடுவது கதவைத்தான்.

இரண்டு நாள் அக்கா கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை. ரோஷம் எங்கள் குடும்பச் சொத்து. இங்கே முன்பின் தெரியாத ஆட்களின் பிள்ளைகளுக்காக நான் ஒரு கையெழுத்தை நிறுத்திவைத்தால் நகரமே கேட்கிறது. என் சொந்த அக்கா பள்ளியில் ஒரு கீலைக் கழற்றி மாட்ட வைக்க என்னால் முடியவில்லை. சாப்பாடு இறங்கவில்லை என்று சொன்னால் மிகையாக இருக்கும். இறங்கியது, ருசிக்கவில்லை.

ஜெனிக்குப் பதின்மூன்று வயது. நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். கொஞ்ச வருஷமாக அதுதான் எங்கள் வீட்டு ஏற்பாடு. அன்றைக்கு அவள் பள்ளியில் தீ ஒத்திகை நடந்திருக்கிறது. கோட்டுகூடப் போடவிடாமல் பனியில் நிறுத்திவிட்டார்கள் என்று ஒரே புலம்பல். "எப்படி வெளியே வந்தீங்க?" என்று கேட்டேன். இது என்ன கேள்வி என்பதுபோல் பார்த்தாள். "நடந்தோம், கதவு திறந்தது" என்றாள். கதவில் குறுக்கே ஒரு கம்பி இருக்கும், மேலே சாய்ந்தாலே திறந்துவிடும். அதைத் திறப்பது ஒரு வேலை என்றே அவளுக்குத் தெரியாது. எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

மூன்றாம் நாள் விடிகாலை ஐந்து மணி. நாகலூரில் மத்தியானம் மூன்றரை. அக்காவின் வீடியோ அழைப்பு. ஜெனி பேண்டு பயிற்சிக்குக் கிளம்பி, கையில் பால் கிண்ணத்தோடு நின்றுகொண்டிருந்தாள். அக்கா வாசலில் நின்றாள். முகத்தில் இன்னும் கோபம் மிச்சம் இருந்தது.

"எம் புள்ளைங்க எத்தன ஒழுங்கா வெளிய வருதுங்கன்னு நீயே உங்கண்ணால பாரு. அப்பறம் பேசு" என்றாள். உள்ளே இருந்த டீச்சரிடம் பெல் அடிக்கச் சொல்லிக் கத்தினாள். போனைக் கதவுக்கு நேராகப் பிடித்தாள். மற்ற நாளில் பெல்லுக்கு முன்னால் அக்காவே கதவைத் திறந்துவைத்துவிடுவாள். அன்றைக்குப் பனிக்காகச் சாத்தியது சாத்தியபடியே இருந்தது.

பெல் அடித்தது. உள்ளே 'ஹே' என்று ஒரு கூச்சல், தடதடவென்று கால்கள் ஓடிவருகிற சத்தம். கதவு ஒரு தடவை அதிர்ந்தது. திறக்கவில்லை. சிரிப்புச் சத்தம் கேட்டது. மறுபடி அதிர்ந்தது. முன்னால் வந்த பிள்ளை கதவைத் தன் பக்கம் இழுக்க வேண்டும். ஆனால் பின்னால் வந்த அத்தனையும் அதைக் கதவோடு சேர்த்து அழுத்துகின்றன. "தள்ளாதடா, தள்ளாதடா" என்று ஒரு குரல். சிரிப்பு குறைந்தது. அப்புறம் ஒரு பொடிசு அழ ஆரம்பித்தது.

"தேவி!" என்றார் சடையண்ணன். கோலைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். ஆயுசு முழுக்கச் செய்ததைத்தான் செய்யப் போனார். தோளைச் சாய்த்துக் கதவை இடிக்கப் போனார்.

"அண்ணா, இடிக்காதீங்க! பின்னாடி புள்ளைங்க நிக்குதுங்க!" நான் ஒஹையோவிலிருந்து கத்தினேன். அக்கா போனை அப்படியே போட்டுவிட்டு அவர் கையைப் பிடித்து இழுத்திருக்கிறாள். எனக்குத் தெரிந்ததெல்லாம் வானம், கூரையின் ஓரம். அக்கா ஜன்னல் வழியாகக் கத்தினாள்: "பின்னாடி நிக்கறவங்க எல்லாம் செவுத்துக்குப் போங்க! போர்டுகிட்டப் போங்க சாமி!"

கடைசியில் கதவு திறக்கிற சத்தம் கேட்டது.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. தேவியின் சட்டையில் ஒரு பட்டன் போயிருந்தது, கன்னத்தில் கதவுப் பலகையின் கோடு பதிந்திருந்தது. தீ இல்லை, புகை இல்லை. வெறும் பெல்தான். அக்கா போனை எடுத்தாள். "அப்பறமாக் கூப்புடறேன் கண்ணு" என்று மட்டும் சொன்னாள்.

ஜெனியின் கிண்ணத்தில் பால் ஆறிப்போயிருந்தது. "அம்மா, ஏன் அவங்க கதவைத் தள்ளலை?" என்று கேட்டாள். தமிழில் கேட்டாள். அதைக்கூட நான் அப்புறம்தான் கவனித்தேன்.

5

அன்று ஆபீசில் அந்தச் செருப்புக் கடைக் காண்ட்ராக்டர் போன் செய்தார். அந்தக் கதவை அப்படியே விட்டுவிடக் கூடாதா என்று தன்மையாகத்தான் கேட்டார். "அதெல்லாம் முடியவே முடியாதுங்க!" என்றேன், சுத்தமான சேலத்துத் தமிழில். அர்த்தம் புரிந்திருக்காது, ஆனால் சேதி போய்ச் சேர்ந்துவிட்டது. மறுவாரம் திருத்திய வரைபடம் வந்தது.

நாகலூர்ச் சேதியை அக்கா சாயங்காலமே சொன்னாள். பேத்தியைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டு சடையண்ணன் கொஞ்ச நேரம் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றாராம். தன் தோளைத் தடவிக்கொண்டாராம். பிறகு, "ஆசாரிக்குச் சொல்லி உடுங்க டீச்சர்" என்றாராம். பழத்தை நகர்த்தச் சொல்லி அக்கா கேட்கவே இல்லை. அவராகவே பலகைக் கோலை எடுத்து, படியை ஒட்டிக் கிடந்த தன் பழத்தைப் பின்னால் இழுத்தார். நல்ல வெயில் படுகிற இடம். போதுமா, போதுமா என்று கேட்டுக்கேட்டு இழுத்தாராம்.

"நான் அழுதுட்டேன் புள்ள" என்றாள் அக்கா. "உன்னையத் திட்டுனதுக்கில்ல. அது உனக்கு வேணும், அப்பிடிப் பேசுனா யாருதான் திட்ட மாட்டாங்க? அந்தக் கதவுக்கு முன்னாடி நான் இத்தன வருசமா நின்னு பெல் அடிச்சிருக்கறேனே, அத நெனச்சுத்தான்."

நானும் அழுதேன். அவளிடம் சொல்லவில்லை.

ஆசாரி வந்தார். நிலையைத் தொடாமல் கீலை மட்டும் மாற்றி, கதவை வெளியே திறக்கிற மாதிரி மாட்டினார். உள்பக்கம் குறுக்கே ஒரு மூங்கில் கழியைப் பொருத்தி, சாய்ந்தால் கொண்டி விடுகிற மாதிரி ஏதோ செய்திருக்கிறார். என் விதிப் புத்தகம் அதற்கு ஒரு நாளும் சம்மதிக்காது. நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கும் கொஞ்சம் புத்தி வந்திருக்கிறது.

அதிகாரி வந்த அன்று எனக்கு வேலையே ஓடவில்லை. அக்கா கூப்பிட்டதும் பதறிக்கொண்டு எடுத்தேன்.

"எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. கக்கூஸ் பாத்தாரு, தண்ணித் தொட்டி பாத்தாரு, நோட்டு பாத்தாரு. காபி குடிச்சாரு. நொம்ப நல்லா இருக்குதுன்னாரு, காபிய. கதவ அவரு கண்ணெடுத்தே பாக்கல."

"என்னது, பாக்கவே இல்லியா?" எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. தொழில் புத்தி எங்கே போகும்?

"அவரு பாக்காட்டிப் போறாரு. தெனமும் பெல் அடிச்சா எம் புள்ளைங்க தள்ளிட்டு வெளிய வருதுங்க. அத நான் பாத்துட்டுத்தான் நிக்கறேன்."

6

போன ஞாயிற்றுக்கிழமை மாதா கோவில் பூசை முடிந்து அக்கா கூப்பிட்டாள். அங்கே சாயங்காலம், இங்கே விடிகாலை. ஜெனியும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இப்போதெல்லாம் அவளுக்கு நாகலூர்க் கதவு எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். அக்கா போனைத் திருப்பி வாசலைக் காட்டினாள்.

சுற்றிலும் பழம். பறிப்பு உச்சத்தில் இருந்தது. வேலி ஓரம், கொடிக்கம்பத்தின் அடி, பின்கதவுக்குப் போகும் நடைபாதையின் இரண்டு பக்கம் என்று ஒரு சாண் விடாமல் பரப்பியிருந்தார்கள். கதவுக்கு முன்னால் மட்டும் சுத்தமாகப் பெருக்கிய வெறும் தரை. கதவு விரிகிற அளவுக்கு, அதற்கு மேல் பிள்ளைகள் இறங்கி ஓடுகிற அளவுக்கு, ஒரு பழம்கூட இல்லை. சடையண்ணன் தன் பழத்தை வேலி நிழலில், வெயில் குறைவாகப் படுகிற பக்கத்தில் கிளறிக்கொண்டிருந்தார்.

எனக்கே மனசு கேட்கவில்லை. "அக்கா, இன்னிக்கு லீவுதான? கதவும் பூட்டித்தான் கெடக்குது. லீவு நாள்லயாச்சும் அண்ணன் அங்க போட்டுக்கலாமே. விதியே ஒண்ணும் சொல்லாது."

"நானும் அதையேதான் சொன்னேன். நீயே கேளு" என்று போனை அவரிடம் நீட்டினாள்.

நான் திரும்பச் சொன்னேன். அவர் கிளறுவதை நிறுத்தவில்லை.

"அதெப்பிடிங்க அம்மிணி? ஞாயித்துக்கெழமைன்னா அது பள்ளிக்கூடம் இல்லைன்னு ஆயிருமுங்களா?"

அக்கா போனைத் தன் பக்கம் திருப்பி என்னைப் பார்த்தாள். அவர் வாயிலிருந்து 'பள்ளிக்கூடம்' என்ற சொல்லை நாங்கள் இரண்டு பேரும் கேட்பது அதுதான் முதல் தடவை.